உள்பக்கத் தாழ்ப்பாள்

எனக்கு வேணுங்கறது ஒரு ரூம். அந்த ரூமுக்கு ஒரு கதவு. அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான் சங்கதி. ஒரே மூச்சுல சொல்லிடலாம். ஆனா எங்க இல்லத்துல இதைக் கேட்டுக்கறதுக்குன்னே ஒரு தனிப் பிரிவு வச்சிருக்காங்க. விருப்பம் அறியும் பிரிவுன்னு பேரு. அதுக்குக் கண்ணாடிக் கதவு இருக்கு, சுத்தற நாற்காலி இருக்கு, ஏசி இருக்கு. காது மட்டும் இன்னும் வாங்கிப் போடல.

இல்லம்னா மனநல மறுவாழ்வு இல்லம். வாசல்லயே பெரிசா எழுதியிருப்பாங்க: "உங்கள் விருப்பமே எங்கள் முகவரி." அதுக்குக் கீழ சின்னதா, "அனுமதியின்றி வெளியே செல்லக் கூடாது." ரெண்டும் ஒரே பெயிண்டர் எழுதினதுதானாம். எழுதி முடிச்சுட்டு ஒரு தடவை படிச்சுப் பார்த்தாரோ என்னவோ, தெரியல.

என்னைப் பத்தி முதல்லயே சொல்லிடறேன். எனக்கு வியாதி இருக்கு. இல்லவே இல்லன்னு சாதிக்கற ஆள் நான் இல்ல. தலைக்குள்ள ஒருத்தன் குடியிருக்கான். காலேஜ் படிக்கறப்ப வந்து உக்காந்தவன், வாடகையும் குடுக்கறதில்ல, காலியும் பண்றதில்ல. ஒரு மரியாதைக்கு வாடகைக்காரன்னு கூப்பிடறேன். மாத்திரை போட்டா குரலைத் தாழ்த்திக்குவான். கூட்டத்தைக் கண்டா அவனுக்கு ஒரே குஷி. நான் படுக்கற ஹால்ல வரிசையா எட்டு கட்டில். பக்கத்துக் கட்டில்காரி இருமினா, "உன்னைப் பார்த்துத்தான் இருமறா"ம்பான். எதிர்க் கட்டில்காரி சிரிச்சா, "கேட்டியா?"ம்பான். விடியற வரைக்கும் இந்தக் கூத்துதான்.

ஆனா தெருமுனைச் சலவைக்கடையில நான் இஸ்திரி போடறப்ப மட்டும் ஐயா வாயைத் திறக்க மாட்டார். சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு, தண்ணி தெளிச்சு, பெட்டியை வச்சு அழுத்தினா உஸ்ஸுன்னு ஒரு ஆவி கிளம்பும் பாருங்க, அதோட அவனும் அடங்கிடுவான். காலையில வேலைக்குப் போய்ட்டு சாயங்காலம் இல்லத்துக்குத் திரும்பிடணும். அதுவரைக்கும்தான் எனக்கு அனுமதி.

அந்தக் கடை முதலாளி அம்மாதான் ஒரு நாள் பேச்சை எடுத்தாங்க. "ஏண்டி, மேல ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு. நீ வந்து இருந்துக்கோயேன். வாடகையைச் சம்பளத்துல பார்த்துக்கலாம். எனக்கும் கடைக்கு ஒரு ஆள் துணை இருந்த மாதிரி ஆச்சு."

மேல கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. ஒரு கட்டில் போடலாம். ஒரு அடுப்பு, ஒரு தண்ணித் தொட்டி. ஜன்னலைத் திறந்தா பின்சந்து, கொடி நிறைய ஊரார் போர்வை. எனக்கு அதெல்லாம் கண்ணுலயே படல. கதவோட உள்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள். துரு ஏறி இறுகிப் போயிருந்துச்சு. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு இழுத்தாத்தான் நகரும். நகர்த்தினேன். அந்தப் பக்கத்துல இருந்து அம்மா, "என்னடி, உள்ள என்ன பண்ற?"ன்னாங்க. "ஒண்ணும் பண்ணலம்மா"ன்னேன். நிஜமாவே ஒண்ணும் பண்ணல. சும்மா நின்னேன். அழுகை வந்துச்சு, அழுதேன். யாரும் வந்து எட்டிப் பார்க்கல. யாரும் எழுதி வச்சுக்கல.

எங்க இல்லத்துலயும் கதவைத் தட்டிட்டுத்தான் வருவாங்க. மரியாதை தெரிஞ்சவங்க. ஆனா தட்டற கையும் திறக்கற கையும் ஒண்ணாவே வரும். தாழ்ப்பாள் எல்லாம் வெளிப்பக்கம். ஹாலுக்கும் வெளிப்பக்கம், குளியலறைக்கும் வெளிப்பக்கம். அதைப் போடறதுக்கு சாவி அக்கான்னு ஒருத்தங்க. கடைசி முதுகு உள்ள போச்சுன்னா அவங்க கை தானாத் தாழ்ப்பாளுக்குப் போயிடும். வீட்டுலயும் இதே பழக்கம்தானாம். புருஷன் குளிக்கப் போனா வெளிய தாழ்ப்பாளைப் போட்டுட்டுக் கடைக்குக் கிளம்பிடுவாங்களாம். "அந்த மனுஷன் இப்பல்லாம் ரேடியோவோடதான் குளிக்கப் போறார்"னு அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க.

சரி, உள்ள இருந்து யாராவது கதவைத் தட்டினா? அதுக்கும் விதி இருக்கு. இயக்குநரே எழுதினது. கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க: "தட்டும் ஒலி கேட்டவுடன் திறத்தல் கூடாது. அமைதி ஏற்பட்ட பின்னரே திறத்தல் வேண்டும்." அதாவது, திறக்கணும்னா தட்டாம இருக்கணும். தட்டாம இருந்தா, திறக்கணும்னு யாருக்குத் தெரியும்? இதை ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "சிந்தனையில் தடுமாற்றம்"னு எழுதிக்கிட்டாங்க.

நான் மாடி ரூமுக்குப் போகணும்னா ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு இயக்குநரோடது, இன்னொண்ணு எங்க அண்ணனோடது. அண்ணன்தான் எனக்குக் காப்பாளர். நல்லவன். பாசம் இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஞாயித்துக்கிழமை தவறாம வருவான், பழம் வாங்கிட்டு வருவான், அண்ணி குடுத்துவிட்ட டப்பாவைக் கொண்டு வருவான். ரூம் பேச்சை எடுத்தா மட்டும் வாட்சைப் பார்ப்பான்.

"இயக்குநர் பெரிய படிப்பு படிச்சவரும்மா. அவர் போட்டா நான் போட மாட்டேனா?"

இயக்குநர்கிட்டப் போனா, "குடும்பத்தின் விருப்பத்தை மீறி இந்த இல்லம் எதையும் செய்ததில்லை. உங்க அண்ணன் போடட்டும், அடுத்த நிமிஷம் நான் போடறேன்."

நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு ரெண்டு பேரும் வழி விட்டுக்கிட்டே வாசல்ல நின்னா, உள்ள போறது யாரு? முதலாளி அம்மா ஒரு நாள் கறாராச் சொல்லிட்டாங்க. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேண்டி. தையல்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். நானும் எத்தனை நாள்தான் ரூமைச் சும்மாப் போட்டு வைக்கறது?"

சரி, முறைப்படியே போவோம்னு விருப்பம் அறியும் பிரிவுக்குப் போனேன்.

அங்க கேள்வி கேக்கறது ஒரு சின்னப் பொண்ணு. நல்ல பொண்ணு, பேச்சுல தேன் ஒழுகும். "உக்காருங்க அக்கா. இன்னிக்கு உங்க விருப்பத்தைத் தெரிஞ்சுக்கப் போறோம். மனசு விட்டுச் சொல்லலாம். நீங்க எப்படிப்பட்ட இடத்துல இருக்க விரும்பறீங்க? ஒண்ணு, எட்டு பேர் அறை. ரெண்டு, தோட்டத்தைப் பார்த்த எட்டு பேர் அறை. மூணு, ஆறு பேர் அறை, ஆனா கட்டில் எட்டு."

"தனி ரூம்."

"அது இந்த மூணுல இல்லையே அக்கா."

"இல்லதான். ஆனா என் விருப்பம் அதுதானே?"

"விருப்பம்தான் அக்கா. ஆனா விருப்பத்துக்குள்ள வர மாட்டேங்குதே!" பாவம், அவளும் கம்ப்யூட்டரை அழுத்தி அழுத்திப் பார்த்தா. "சரி விடுங்க, அடுத்ததுக்குப் போவோம். கூட இருக்கறவங்க எப்படி இருக்கணும்?"

"கூட யாரும் இருக்கக் கூடாது."

"அமைதியானவர்கள்னு போட்டுக்கறேன். சுவர் எந்தக் கலர்?"

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தா எந்தக் கலரும் எனக்குச் சம்மதம்."

"எந்தக் கலரும் சம்மதம்." தட்டிக்கிட்டா. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "எனக்கும் அந்த ஆசைதான் அக்கா. ஹாஸ்டல்ல நாலு பேர் ஒரு ரூம். தனியா ஒரு ரூம் கிடைச்சா எப்படி இருக்கும்னு தோணிக்கிட்டே இருக்கு"ன்னா.

"அதுக்கு உங்களுக்கு மாத்திரை ஏதாவது தர்றாங்களா?"

சிரிச்சா. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டுக் கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டா.

அடுத்த வாரமே நோட்டீஸ் போர்டுல முடிவு வந்துடுச்சு. "இல்லத்தினர் அனைவரும் கூடி வாழ்வதையே விரும்புகின்றனர்." எங்க ஹால்ல அத்தனை பேரும் தனி இடம்தான் கேட்டிருந்தோம், புருஷனோட இருக்கணும்னு கேட்ட ஒருத்தியைத் தவிர. எங்களை எல்லாம் "இன்னும் முடிவெடுக்காதோர்"னு ஒரு கட்டத்துக்குள்ள போட்டுட்டு, மிச்சம் இருக்கறவங்களை எண்ணியிருக்காங்க. மிச்சம் யாரு இருந்தாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

நான் விடல, மறுபடி மறுபடி போய் அதையே கேட்டேன். அப்ப என்னை விருப்பத் தகுதிக் குழுவுக்கு அனுப்பினாங்க. என் விருப்பம் விரும்பறதுக்குத் தகுதியானதான்னு பார்க்கற குழு அது. நீளமான மேஜை. நடுவுல இயக்குநர், வலது பக்கம் மனநல நிபுணர், இடது பக்கம் எங்க அண்ணன். எனக்கு மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல்.

நிபுணர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டார். "போன தடவையும் தனி அறைதான் கேட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"அதுக்கு முந்தின தடவையும்?"

"ஆமாங்க."

"ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருது." எழுதிக்கிட்டார்.

"சரிங்க, அப்ப மாத்திக்கறேன். தோட்டத்தைப் பார்த்த எட்டு பேர் அறை."

"மனம் நிலையாக இல்லை." அதையும் எழுதிக்கிட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் வாட்சைப் பார்த்தான். எனக்குக் கோவம் வந்தாலும், கத்தினா அதையும் எழுதிக்குவாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுமையாவே சொன்னேன். "ஐயா, எனக்கு உதவியே வேண்டாம்னு சொல்லலைங்க. நர்ஸம்மா வாரம் ஒரு தடவை வரட்டும். எனக்கு முடியாமப் போனா நானே கூப்பிடறேன், ஓடி வாங்க. உதவி பக்கத்துல இருக்கட்டும். என் கட்டில்லயே வந்து படுத்துக்க வேண்டாம்."

இயக்குநர் எழுந்து நின்னார். அவருக்கு உக்காந்துக்கிட்டுப் பேச வராது. "அம்மா! மனிதன் கூடி வாழப் பிறந்தவன். தனிமையை விரும்புவதே ஒரு தவிப்பின் அடையாளம். இந்த இல்லத்தில் நாங்கள் எவரையும் பூட்டி வைப்பதில்லை. கதவைத் திறக்காமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உலகமே பாராட்டுகிறது."

"நீங்க யாரோட இருக்கீங்க ஐயா?"

"நானா? மேல் மாடியில் குவார்ட்டர்ஸ். மனைவி, பிள்ளைகள் எல்லாம் வெளியூர். நாள் முழுக்க இந்தக் கூட்டத்துல உழல்றவன், சாயங்காலமாவது கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா இருக்க வேண்டாமா? மனுஷனுக்கு அதுகூட இல்லன்னா பைத்தியம்..."

பாதியிலயே நிறுத்திட்டார். நிபுணர் இருமினார். வாடகைக்காரன் மெதுவா, "பயப்படாதே, உன்னைப் பார்த்து இருமல"ன்னான்.

கடைசியில குழு ஒரு முடிவுக்கு வந்துச்சு. தனியா வாழ எனக்கு விருப்பம் இருக்கலாம், ஆனா பயிற்சி இல்ல. அதனால முன்மாதிரித் தனி இல்லத்துல முதல்ல பயிற்சி எடுக்கணும்.

தாழ்வாரக் கோடியில பழைய துணி ஸ்டோர் ரூம் ஒண்ணு இருந்துச்சு. அதைத்தான் தனி இல்லமா மாத்தினாங்க. ஜன்னல் கிடையாது, சுவர்ல வரைஞ்சுட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய மலை, சூரியன், ரெண்டு பறவை. அடுப்பு இருக்கும், கேஸ் இருக்காது. குழாய் இருக்கும், தண்ணி வராது. ஃபேன் தொங்கும், சுத்தாது. எல்லாம் பாதுகாப்புக்காம்.

பயிற்சிக்கு என்னோட உள்ள வந்தது நிபுணர், கேள்விப் பொண்ணு, நர்ஸம்மா, சாவி அக்கா. "நீங்க இப்ப தனியா இருக்கீங்க. நாங்க யாரும் இங்க இல்லன்னு நினைச்சுக்கோங்க"ன்னார் நிபுணர். "ஒரு டீ போட்டுக் குடிங்க பார்ப்போம்."

"டீத்தூள்?"

"இருக்குன்னு நினைச்சுக்கோங்க."

இருக்கற ஆளுங்களை இல்லன்னு நினைச்சுக்கிட்டு, இல்லாத டீயை இருக்குன்னு நினைச்சுக் குடிச்சேன். ஊதிக் குடிக்கலன்னு ஒரு மார்க் குறைச்சாங்க. இதையே நானா ஒரு ஓரமா உக்காந்து செஞ்சிருந்தா மாத்திரையைக் கூட்டியிருப்பாங்க.

"தனியா இருக்கறது எப்படி இருக்கு அக்கா?"ன்னு கேட்டா கேள்விப் பொண்ணு.

"நெரிசலா இருக்கு."

கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆசாரி வந்தப்ப நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். வெளிப்பக்கமா வச்சு ஆணி அடிக்க ஆரம்பிச்சுட்டார். "ஐயையோ, உள்பக்கம் போடுங்கண்ணே, இது தனி வீடு"ன்னேன். அவர் சுத்தியலை நிறுத்திட்டு யோசிச்சார். "இந்த இல்லத்து வேலைன்னா வெளியதாம்மா போடுவேன். கை தானா அங்க போயிடுச்சு. போனது போகட்டும், நல்லா உறுதியாப் போட்டிருக்கேன்"ன்னார்.

இயக்குநர்கிட்ட ஓடினேன். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதா பிரச்சினை? தத்துவத்தைப் பாருங்கம்மா"ன்னார். ஞாயித்துக்கிழமை அண்ணன்கிட்டச் சொன்னேன். "கதவுன்னு ஒண்ணு இருக்குல்ல, அப்புறம் என்ன?"ன்னான்.

திறப்பு விழாவை மாசக் கடைசி நாள்ல வச்சாங்க. அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து ஆகலன்னா தையல்காரர் மெஷினைத் தூக்கிட்டு மேல ஏறிடுவார். பேப்பரை மடிச்சு இடுப்புல சொருகி வச்சிருந்தேன்.

தலைமை ஆபீஸ்ல இருந்து பெரிய அதிகாரி வந்தார். நிபுணர் வந்தார். குடும்பத்தார் பிரதிநிதியா எங்க அண்ணன், நான் இஸ்திரி போட்டுக் குடுத்த சட்டையில. வாசல்லயே இயக்குநர் ஒரு கூடையை நீட்டினார். "நம் இல்லத்தினர் எவரும் செல்போன் வைத்திருப்பதில்லை. இன்று ஒரு நாள் நாமும் அவர்களைப் போல இருப்போமே!" எல்லாரும் கைதட்டிட்டுப் போனைக் கூடையில போட்டாங்க. கூடை சாவி அக்கா கையில.

ரிப்பன் வெட்டினாங்க. "வாங்க, வாங்க"ன்னு ஒவ்வொருத்தரா உள்ள நுழைஞ்சாங்க. பெரிய அதிகாரி, அவரோட வந்தவங்க, நிபுணர், கேமராக்காரர், பூங்கொத்து வச்சிருந்தவர். நானும் நுழையப் போனேன். தனியா வாழப் போறது நான்தானே? இயக்குநர் கையைக் குறுக்க நீட்டினார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. உள்ள இடம் இல்ல." சொல்லிட்டு அவரும் உள்ள போனார். கடைசியா அண்ணன் முதுகு உள்ள போச்சு.

சாவி அக்கா கை தானா நீண்டுச்சு. டக். கூடையைத் தூக்கிக்கிட்டு டீக்கு ஏற்பாடு பண்ணப் போயிட்டாங்க. அவங்க திரும்பிக்கூடப் பார்க்கல.

"அக்கா!"ன்னு கூப்பிட வாயைத் திறந்தேன். "வாயை மூடு"ன்னான் வாடகைக்காரன். மூடிக்கிட்டேன், அவன் சொன்னதுக்காக இல்ல. எனக்கே கொஞ்சம் வேடிக்கை பார்க்கணும்னு இருந்துச்சு.

உள்ள இயக்குநர் பேச்சு நடந்துக்கிட்டிருந்துச்சு. "இந்த நான்கு சுவர்களுக்குள் நுழைகிற எவரும் சுதந்திரத்தின் சுவையை உணர்வார்கள்!" கைதட்டல். அப்புறம் கிளம்பலாம்னு கதவைத் தள்ளியிருப்பாங்க போல.

"திறக்கலையே."

"இழுக்கணுமோ?"

"எதைப் பிடிச்சு இழுக்கறது?"

"தாழ்ப்பாள் எங்கய்யா?"

"வெளியில இருக்குங்க."

"வீட்டுக்கு யாருய்யா வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைப்பான்?"

தட்ட ஆரம்பிச்சாங்க. தட்டுன்னா தட்டு, சுவர் அதிர்ற தட்டு. சாப்பாட்டு ஹால்ல இருந்து நர்ஸம்மா குரல் கேட்டுச்சு. "யாரோ பதட்டமா இருக்காங்க போல. ஓயட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." விதின்னா விதிதானே? கதவுகிட்டப் போனேன்.

"யாரது வெளிய?" இயக்குநர் குரல்.

"நான்தாங்கய்யா."

"கதவைத் திறங்கம்மா!"

"நாங்க தாழ்ப்பாளைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

"இப்ப நான் சொல்றேன், திறங்க!"

"உங்களுக்கு என்ன வேணும் ஐயா? மனசு விட்டுச் சொல்லலாம்."

"வெளிய வரணும்மா, வெளிய!"

"அது மூணுல இல்லையே ஐயா." நாக்கு நுனியில இருந்துச்சு, சொல்லிட்டேன். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கல.

உள்ள நிபுணர் எல்லாரையும் அடக்கிக்கிட்டிருந்தார். "தட்டாதீங்க, தட்டாதீங்க! தட்டினா திறக்க மாட்டாங்க. அமைதியா இருந்தாத்தான் வருவாங்க." எல்லாரும் கப்சிப். அமைதியானதும் சாப்பாட்டு ஹால்ல நர்ஸம்மா, "பாருங்க, ஓய்ஞ்சாச்சு. சரியாப் போச்சு"ன்னு டீயை ஊத்த ஆரம்பிச்சாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு எங்க அண்ணன் குரல் வந்துச்சு. மெதுவா, கதவோட ஒட்டிக்கிட்டு. "அம்மாடி, இருக்கியா? மூச்சு முட்டுதும்மா. இந்தக் கதவுல பிடிக்க ஒண்ணுமே இல்ல. எல்லாம் வழவழன்னு இருக்கு."

"கையெழுத்துதானேம்மா வேணும்?"ன்னு இயக்குநர் கத்தினார். "பேப்பரைக் கதவுக்கு அடியில தள்ளுங்க. இப்பவே போடறேன். உங்க அண்ணனும் போடறாராம்."

இடுப்புல இருந்து பேப்பரை எடுத்தேன். "தள்ளு"ன்னான் வாடகைக்காரன். "கையெழுத்தை வாங்கு, அப்புறம் திற. இதைவிட நல்ல நேரம் உனக்கு வராது." இத்தனை வருஷத்துல முதல் தடவையா அவன் புத்தியாப் பேசினான். மாடி ரூம் என் கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு.

ஆனா அந்தக் கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் இங்க வந்த அன்னிக்கு, "சும்மா பார்த்துட்டு வந்துடலாம் வாம்மா"ன்னு சொல்லித்தான் அண்ணன் கூட்டிட்டு வந்தான். ஒரு ரூம்ல உக்கார வச்சுக் கதவைச் சாத்தினாங்க. நான் தட்டினேன். கை வீங்கற வரைக்கும் தட்டினேன். கடைசியில, "கையெழுத்துப் போட்டுடு, திறந்துடறோம்"னாங்க. போட்டேன். "தன் சொந்த விருப்பத்தின் பேரில் சேர்ந்தார்"னு இன்னிக்கும் அதுக்கு மேல எழுதியிருக்கு. அந்த மாதிரி ஒரு கையெழுத்தைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு என்னால அந்த ரூம்ல தூங்க முடியாது.

பேப்பரைத் திரும்ப இடுப்புல சொருகிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன். ஆசாரி சொன்னது நிஜம்தான், நல்லா உறுதியாத்தான் போட்டிருந்தார்.

திமுதிமுன்னு வெளிய வந்தாங்க. பெரிய அதிகாரி சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு. "டாய்லெட் எங்கய்யா?"ன்னார். காட்டினாங்க. அந்தக் கதவையும் அதோட தாழ்ப்பாளையும் மேலயும் கீழயும் பார்த்தார். தன்னோட வந்த ஒருத்தரை வாசல்ல நிக்க வச்சு, "ஒருத்தனும் இதுல கை வைக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டுத்தான் உள்ளயே போனார்.

இயக்குநர் தலையைச் சீவிக்கிட்டார். சீவினதும் பழைய ஆள் ஆயிட்டார். நான் பேப்பரை நீட்டினேன். "அதெல்லாம் முறைப்படி அடுத்த குழுக் கூட்டத்துல பார்ப்போம்மா. உள்ள ஏதோ பதட்டத்துல சொன்னது. பதட்டத்துல ஒருத்தர் சொல்றதை அவரோட விருப்பமா எடுத்துக்க முடியுமா?"

"சொன்னேனே"ன்னான் வாடகைக்காரன்.

எல்லாருக்கும் கடைசியா வெளிய வந்தது அண்ணன். தாழ்வாரப் பெஞ்சுல உக்காந்தான். நான் இஸ்திரி போட்ட சட்டை கசங்கிக் கிடந்துச்சு. வாட்சைப் பார்க்கல.

"உள்ள தாழ்ப்பாளே இல்லம்மா"ன்னான்.

"நான் சொன்னேனே அண்ணா."

"சொன்னே." "அன்னிக்கு நீ ரொம்ப நேரம் தட்டினே, இல்ல?"

"நீ வெளியதானே நின்னே. உனக்குக் கேட்டிருக்குமே."

முகத்தைக் கையால மூடிக்கிட்டான். பாவமா இருந்துச்சு. கோவமாவும் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்தேதான் வந்துச்சு, நான் எதையும் தள்ளி விடல. அப்புறம் மூக்கை உறிஞ்சிட்டு, "பேப்பரைக் குடு"ன்னான். முழங்கால்ல வச்சே கையெழுத்துப் போட்டான். கதவு திறந்திருந்துச்சு, யாரும் அவனைப் போடச் சொல்லல. எழுந்து நேராப் போய் இயக்குநர் முன்னால நின்னான்.

"குடும்பம் போட்டா அடுத்த நிமிஷம் போடறேன்னு சொன்னீங்களாம். போட்டுட்டேன். போடுங்க."

"இருங்க சார், இதுல தத்துவார்த்தமா..."

"போடுங்க சார்." எங்க அண்ணன் குரலை உசத்தி நான் அன்னிக்குத்தான் கேட்டேன்.

பெரிய அதிகாரி கையைத் துடைச்சுக்கிட்டே வந்தார். "என்ன சத்தம் அங்க? இந்தம்மாவுக்கு என்ன வேணுமாம்?"

"தனி அறை கேக்கறாங்க சார். உள்பக்கம் தாழ்ப்பாள் வச்சது. நம்ம கொள்கைப்படி..."

"உள்பக்கமா?" பெரிய அதிகாரி அந்த ஸ்டோர் ரூம் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "யோவ், முதல்ல அதைப் போட்டுக் குடுய்யா!"

போட்டார். பேனா எழுதலன்னு வேற ஒரு பேனா கேட்டார். அதுக்குள்ள கேள்விப் பொண்ணு தன்னோட பேனாவை நீட்டிட்டா.

விழாவைப் பத்தி அடுத்த வாரம் போர்டுல ஒட்டினாங்க: "விருந்தினர்கள் தனி இல்லத்தை விட்டு வெளியேற மனமின்றி நெடுநேரம் அங்கேயே தங்கியிருந்தனர்." தாழ்ப்பாளை எந்தப் பக்கம் வைக்கறதுன்னு ஆராய ஒரு குழு போட்டிருக்காங்க. ஹால்ல மத்தவங்க எல்லாம் இன்னும் அங்கதான் இருக்காங்க. பக்கத்துக் கட்டில்காரியை அனுமதி வாங்கிட்டு ஒரு நாள் கடைக்கு வரச் சொல்லியிருக்கேன். மேல வந்து உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அவ கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுப் போகட்டும். நான் கீழ இஸ்திரி போட்டுக்கிட்டிருப்பேன்.

வாடகைக்காரனும் என்னோட வந்துட்டான். அவனுக்கு யாரும் கையெழுத்துக் கேக்கல. அப்பப்ப முணுமுணுப்பான். இருமறதுக்கு இங்க ஆள் இல்லாததால அவனுக்குப் பேச விஷயம் குறைஞ்சு போச்சு. நர்ஸம்மா சொன்ன கிழமைக்கு வந்துட்டுப் போறாங்க. ஒரு தடவை முடியாமப் போச்சு, கூப்பிட்டேன், வந்தாங்க. அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை டீ போட்டுக்கிட்டிருந்தேன். நிஜ டீ. கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. பழக்கத்துல, இதோ திறக்கப் போகுதுன்னு கதவையே பார்த்துக்கிட்டு நின்னேன். திறக்கல. தட்டின கை அந்தப் பக்கத்துலயே நின்னுடுச்சு.

"யாரு?"ன்னேன்.

"நான்தாம்மா, அண்ணன்." கொஞ்சம் விட்டு, "வரலாமா?"ன்னான்.

"இரு."

டீயை வடிகட்டினேன். இன்னொரு டம்ளரை எடுத்துக் கழுவினேன். வெளிய பழப் பை உரசற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவன் கதவைத் தள்ளல.

"திறக்காதே, நல்லா நிக்கட்டும்"ன்னான் வாடகைக்காரன்.

"நீ சும்மா இரு. இது என் வீடு"ன்னு சொல்லிட்டு, கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் தாழ்ப்பாளை இழுத்தேன்.